மறதி நிஃபாக் ஆகுமா?

மேலூர்ப் பக்கத்து நெல் வியாபாரி ஒருவர், நாற்பதை நெருங்கும் வயதினர், மதுரையில் ஒரு ஜும்ஆவுக்குப் பின் நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், நான் முனாஃபிக்கா?" என்று கேட்டார். கேட்டபோதே கண் கலங்கியது.

விவசாயிகளிடம் நெல் எடுப்பார். வெள்ளிக்கிழமை பணம் தருவதாக வாக்களிப்பார். பணம் கையிலிருந்தும் நாளை மறந்துவிடுவார். ஒரு வேலை முடியுமுன் வேறு மூன்றைத் தொடங்குவார். தொழுகையில் எத்தனையாவது ரக்அத் என்பது நினைவில் நிற்பதில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்தே இப்படித்தானாம். வாக்கு மாறுவது நயவஞ்சகனின் அடையாளம் என்ற ஹதீஸை ஒரு பயானில் கேட்டதிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. சோம்பேறித்தனம் என்கிறார் தகப்பனார். தாயத்துக் கட்டச் சொல்கிறார் மாமனார். இதற்கு மாத்திரை உண்டு என்கிறார் நண்பர். அது போதை மாத்திரையோ என்று அஞ்சுகிறார் இவர்.

முதல் கேள்விக்கு விடை எளிது. கொடுக்கும்போதே நிறைவேற்றும் எண்ணமில்லாமல் கொடுத்த வாக்கே நிஃபாக்கின் அடையாளம் என்று உலமாக்கள் விளக்கியுள்ளனர். உள்ளத்தில் எண்ணமிருந்து, மறதியால் தவறியவர் முனாஃபிக் அல்லர். மேலும், தான் முனாஃபிக்கோ என்று அஞ்சி அழுபவன் ஈமானுள்ளவனே அன்றோ?

ஆனால் இத்துடன் விஷயம் முடிந்துவிடவில்லை. நெல் கொடுத்த விவசாயியின் வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே!

இத்தகைய நிலைக்கு மருத்துவர்கள் ஏ.டி.ஹெச்.டி. என்று பெயரிட்டுள்ளனர். கவனம் நிலைகொள்ளாமையும் அடங்காத பரபரப்பும் இதன் குணங்கள். சிலருக்கு முன்னதே மேலோங்கியிருக்கும். இது குழந்தைகளின் குறை என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. பலருக்குப் பெரியவரான பின்னும் தொடர்கிறது என்பது பிறகு தெளிவாயிற்று. 2013இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு, 17 வயது நிரம்பியோருக்கு ஐந்து அறிகுறிகள் போதும் என்று வரையறுத்தது. அவற்றுள் சில 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். நம் வியாபாரிக்கு இருப்பது இதுதானா என்று சொல்ல நாம் மருத்துவர் அல்லர். அரசு இராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் சென்று காட்டும்படி சொன்னோம்.

"நோய்தான் என்றால் எனக்கு மன்னிப்பு உண்டல்லவா?" என்றார். இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். மறதி பாவத்தை நீக்கும், பொறுப்பை நீக்காது. மறந்து விட்ட தொழுகைக்குக் கழா உண்டு. மறந்த கடனும் கடனே. அது அடியார்களின் ஹக்கு.

அதே ஷரீஅத், மனிதன் மறப்பவன் என்பதை அறிந்தே வகுக்கப்பட்டது. குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதிவைக்கவும் சாட்சிகளை ஏற்படுத்தவும் கட்டளையிடும் வசனம் என்பதைச் சிந்தியுங்கள். நாயகம் (ஸல்) அவர்களே ஒருமுறை நான்கு ரக்அத் தொழுகையை இரண்டில் முடித்தார்கள். ஸஹாபாக்கள் உறுதி செய்ததும் மீதியைத் தொழுது ஸஜ்தா ஸஹ்வு செய்தார்கள். உம்மத்துக்கு அது எத்தகைய ஆறுதல்! ஆகவே அவருக்குச் சொன்னோம்: இயன்றவரை ஜமாஅத்துடன் தொழுங்கள், எண்ணும் சுமையை இமாம் சுமப்பார். நெல் எடுத்த அக்கணமே, விவசாயியின் முன்னிலையிலேயே தேதியை எழுதுங்கள். அத்தேதியில் நினைவூட்ட நம்பிக்கையான ஒருவரை நியமியுங்கள். இது அவமானமல்ல, அமானிதத்தைக் காக்கும் வழி.

இனி மாத்திரை. இக்குறைக்குப் பெரிதும் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் என்ற ஊக்க மருந்து, 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது. மருத்துவரின் சீட்டின்றி அதை வாங்குவது கூடாது. பசி, தூக்கம் குறையலாம். இரத்த அழுத்தம் ஏறலாம். எனினும் அறிவை மறைப்பதே போதை. மருத்துவர் சொன்ன அளவில், கலைந்த கவனத்தைக் கூட்டித்தரும் மருந்தை மதுவோடு சேர்ப்பது நியாயமன்று. ஊக்க வகை சாராத மருந்துகளும் உண்டு. ரமழானில் பகலில் விழுங்கினால் நோன்பு முறியும். ஸஹர் நேரத்துக்கு மாற்றலாமா என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்க வேண்டும்; தாமாக நிறுத்தலாகாது.

துஆ போதாதா என்பார்க்கு ஒன்று சொல்வோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தர்காவை நாடிக் கொண்டுவரப்பட்ட மனநோயாளிகள் தங்கியிருந்த தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப இயலாமல் 28 பேர் மாண்டனர். அவர்களது நோய் வேறு, இது வேறு. ஆயினும் மருத்துவம் தேவைப்பட்டவரை அதனிடமிருந்து தடுத்துவைக்கும் மனப்போக்கு ஒன்றே. பின்னாளில் அதே ஏர்வாடியில் துஆவும் மருந்தும் சேர்ந்து நடக்க ஏற்பாடு செய்யப்பட்டது. மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று ஸஹாபாக்களுக்குச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் வழியும் அதுவே.

சோம்பேறி என்று ஏசும் தகப்பனாருக்கும் ஒரு சொல். கண் பார்வை குறைந்த மகனைக் கண்ணாடியின்றிக் கிதாபு ஓதச் சொல்லி அடிப்பீர்களா?

அடுத்த மாதம் அவர் வந்தபோது கையில் ஒரு சிறு நோட்டு இருந்தது. இரண்டு பெயர்கள் அடிக்கப்பட்டிருந்தன, மூன்றாவது பாக்கி. "அவரைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன், ஹஜ்ரத்" என்றார்.

வல்ல அல்லாஹ் நம் மறதிகளை மன்னித்து, பிறர் ஹக்குகளை நிறைவேற்றும் தௌஃபீக்கை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.