உழைச்செல்வார் இருவர்

திருவள்ளுவனார் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தபோது, நோயாளி, மருத்துவன், மருந்து ஆகிய மூன்றனோடு உழைச்செல்வான் ஒருவனையும் உடன் வைத்தார். உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்திருந்து பணிபுரிவான் என்பது அச்சொல்லின் பொருள். உரை வகுத்த பரிமேலழகர், அவனுக்கு வேண்டும் இயல்புகளுள் நோயாளிபாற் கொள்ளும் அன்பினையும் அறிவினையும் ஒருங்கு வைத்தமை நோக்கற்பாலது.

இக்காலத்து இல்லங்கள் பலவற்றில் உழைச்செல்வார் இருவராயினர். ஒருவர் மகளோ மருமகளோ ஆகிய உறவினர். மற்றொருவர் ஊதியம் பெற்று வரும் தாதி. பக்கவாதத்தாற் படுக்கையுற்ற முதியவரை 2 மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிக் கிடத்துதல் வேண்டும். இன்றேற் படுக்கைப்புண் தோன்றும். இது தாதியின் அறிவு. இடப்பக்கஞ் சாய்த்தால் அவர் முகஞ் சுளிப்பது பழைய தோள்நோவினால் என்பது மகளின் அறிவு. தாதி புரட்டுங்கால் அவர் முனகுவர். மகள் அவளை இரக்கமிலாள் என்று சினப்பாள். மகள் தடுக்குங்கால், தாதி அவளை ஒன்றும் அறியாதாள் என்று இகழ்வாள். இருவர் அறிவும் ஒன்று கூடாமையின், பேச நா எழாது கிடக்கும் அம்முதியவரே துன்புறுகின்றார்.

இதற்கு ஏது யாது? ஆணவ மலமேயாம். யான், எனது என்னும் செருக்கு, தீயாரிடத்து மட்டுமன்று, தொண்டு செய்வாரிடத்தும் புகும். மகளிடத்து அஃது, என் தந்தையை என்னைப்போல் அறிவார் யார் என நிற்கும். தாதியிடத்து, என் தொழிலை இவளோ எனக்குக் கற்பிப்பாள் என நிற்கும்.

இது நீங்குமாறு யாங்ஙனமெனின், கூறுதும். உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது என்பது நம் சித்தாந்தத் துணிபு. சினத்தைச் சாரிற் சினமேயாம். பிறர் நோவினைச் சாரின் அந்நோவினை அறியும். ஆகலின், தாதியை ஏவுமுன் மகள் அவள் நிலையைச் சற்றே சார்ந்து நோக்குக: இரவெல்லாம் விழித்திருக்கும் அவளுக்கும் இல்லத்தே பசித்த மக்களும் பிணியுற்ற தாயும் இருத்தல் கூடும். தாதியும் மகள் நிலையைச் சார்ந்து நோக்குக: திங்கள் பல உறக்கமின்றித் தளர்ந்தவள், இத்துன்பம் என்று முடியுமோ என ஒரோவழி எண்ணி, அவ்வெண்ணத்திற்குத் தானே அஞ்சி, அவ்வச்சத்தைக் கடுஞ்சொல்லாக வெளியிடுதலும் உண்டு. அது தளர்ச்சியேயன்றி அன்பின்மையன்று.

கூலிக்குச் செய்வது தொண்டாகுமோ எனின், ஆகும் என்க. கூலி அவள் குடும்பத்திற்கு உணவு. நோயாளியின் வாயை மெல்லத் துடைக்கும் கையின் மென்மைக்கு விலையில்லை. விலை கொடுத்துவிட்டேம் என்று இருப்பார், அம்மென்மைக்குப் பட்ட கடனை அறியாதவரே.

7-ஆம் நூற்றாண்டில் மருள்நீக்கியார் சூலைநோயால் வருந்தியபோது, திருவதிகையிலிருந்த தமக்கையார் திலகவதியாரிடம் செய்தி கொண்டுசென்றவன் அவருக்கு அடுதொழில் செய்த ஏவலாளன். இரவில் அவர் அவ்வூர்க்கு நடந்தது, கைகொடுத்தாரை ஊன்றியே. தமக்கையாரின் அருட்கை திருநீறு அளித்தற்குமுன், இவர்தம் காலும் கையும் உதவின. சேக்கிழார் இவர் பெயரைக் கூறிற்றிலர். ஆயினும் இவர் செயலை விடாது பாடினார். உறவும் ஏவலும் ஒருங்கு கூடியே அவர்க்கு நோய் தீரும் வழி திறந்தது.

ஆகவே, அன்பர்காள், நோயாளி உள்ள இல்லத்தீர், முறை மாறுங்காலந்தோறும் ஒருவரையொருவர் இரண்டு வினவுக. இன்று அவர் எதனால் வருந்தினார் என்பது ஒன்று. நீ உண்டாயோ, உறங்கினாயோ என்பது மற்றொன்று. முன்னையது நோயாளியைக் காக்கும். பின்னையது அவரைக் காப்பாரைக் காக்கும். உயிர்க்குயிராய் நிற்கும் இறைவன் படுக்கையிற் கிடப்பாரிடத்தும், அதன் இருபுறத்தும் நிற்பாரிடத்தும் ஒப்ப உறைகின்றான். இதனை உணர்ந்து செய்யும் பணி சரியையே யாம்.

திருச்சிற்றம்பலம்.