சிறப்புப்பாயிரம் தருபவர் யார்?

நூலாசிரியன் தன் நூலைத் தானே புகழ்தல் தகாது என்பது நன்னூலார் வகுத்த முறை. அவனுடைய ஆசிரியன், உடன் கற்றவன், மாணாக்கன், தகுதியுடைய உரைகாரன் ஆகியோரே சிறப்புப்பாயிரம் தருதற்கு உரியர் என்றார் அவர். ஓலைச்சுவடிக் காலத்து விதியாயினும், இன்றைய மின்னூலுக்கே இது பெரிதும் பொருந்துவதாக எனக்குத் தோன்றுகின்றது.

பாரதியார் தம் நூல்களைத் தாமே அச்சிட விரும்பி, பொருளுதவி வேண்டி அன்பர்களுக்கு எழுதினார். 1921இல் மறையும்வரை அவ்வெண்ணம் முற்றும் கைகூடவில்லை. இன்றோ, எழுதத் தெரிந்த எவரும் அச்சுக்கூலியின்றித் தம் நூலை உலகின் முன் வைக்கலாம். பெங்களூரில் 2014இல் பிரதிலிபி தோன்றியது. 2016ஆம் ஆண்டின் இறுதியில் அமேசானின் கிண்டிலில் தமிழும் இடம்பெற்றது. டில்லியிலோ கல்கத்தாவிலோ அடுக்களை வேலை முடித்து நள்ளிரவில் கதையெழுதும் பெண்மணி, சென்னையில் ஒரு பதிப்பகத்தாரைக் காண அறிமுகக் கடிதம் தேடி அலைய வேண்டியதில்லை. படிகள் விலைபோகாமல் கட்டிலடியில் கிடப்பதுமில்லை. வாயிற்காவலன் நீங்கியது நன்றே. அவன் எக்காலத்தும் நடுநிலையாளனாக இருந்ததில்லை.

ஆயின், அவனோடு குற்றம் காட்டுவோனும் நீங்கிவிட்டான். பண்டு அரங்கேற்றத்தில் அவையோர் தடை எழுப்புவர். புலவன் விடை கூறுவான். அந்த அவை இன்று எங்கே?

என் குற்றம் ஒன்றை இங்கே ஒப்புக்கொள்கின்றேன். ஓய்வு பெற்ற நண்பரொருவர் தம் முதல் நாவலை மின்னூலாக வெளியிட்டு, கருத்துரை எழுதுமாறு வேண்டினார். இரண்டு இயல்களே படித்திருந்த நான், ஐந்து விண்மீன்களும் வழங்கி, "காவியம்" என்று எழுதினேன். சங்கத்து அன்பர் பலரும் அவ்வாறே செய்தனர். சில வாரங்கள் கழித்து, முன்பின் அறியாத வாசகர் ஒருவர் எழுதினார்: ஆறாம் இயலில் இறந்த பாட்டனார், பத்தாம் இயலில் திருமணத்திற்கு வந்து அட்சதை தூவுகின்றாரே!

நண்பர் என்னிடம் சினங்கொள்ளவில்லை. "நீங்கள் படித்தீர்கள் அல்லவா? சொல்லியிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான். நான் தலைகுனிந்தேன்.

புதிய எழுத்தாளர் இளம்பயிர் போன்றவர், கடுஞ்சொல்லால் வாடிவிடுவார், ஆகவே பொய்ப்புகழ்ச்சியும் ஒருவகை அன்பே என்பர் சிலர். நானும் அவ்வாறே என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். உண்மையில் நான் காத்தது அவர் மனத்தையன்று. என் ஓய்வு நேரத்தை. படியாமற் புகழ்வது, படிக்கத் தகாதது என்று ஒதுக்குவதினும் இழிந்தது; ஒதுக்குபவன் தன் கருத்தையாவது மறைப்பதில்லை. நான் ஏமாற்றியது நண்பரை மட்டுமன்று; என் சொல்லை நம்பிப் பணம் கொடுத்து வாங்கியவரையுந்தான்.

அச்சுநூலாயின் பிழைதிருத்தம் ஒட்டியிருக்க வேண்டும். மின்னூலாதலின் நண்பர் சில நாட்களில் பாட்டனாரைத் திருமண வீட்டிலிருந்து நீக்கிவிட்டார். இப்போது இரண்டாம் நாவல் எழுதுகின்றார். ஞாயிறு மாலைதோறும் ஓர் இயலைக் கொண்டுவந்து வாய்விட்டுப் படிக்கின்றார். நான் கண்ணயர்ந்தால் நிறுத்திவிடுகின்றார். கதாநாயகி இவ்வளவு விரைவில் மன்னித்திருக்க மாட்டாள் என்று சென்ற வாரம் கூறினேன். அவர் ஏற்கவில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை.