ஆட்டக்களத்தில் அரசியலாருக்கு என்ன வேலை?

காயல்பட்டினத்தில் கோடை பிறந்தால் கால்பந்தும் பிறந்துவிடும். ஐக்கிய விளையாட்டுச் சங்கத்தின் திடலில், மௌலானா அபுல் கலாம் ஆசாத்தின் நினைவுக் கோப்பைக்காக நடைபெறும் அகில இந்தியப் போட்டியைக் காணக் கொம்புத்துறையிலிருந்தும் புன்னைக்காயலிலிருந்தும் வீரபாண்டியன்பட்டினத்திலிருந்தும் நம் இளைஞர் செல்வது வழக்கம். நாட்டின் முதல் கல்வி அமைச்சரின் பெயரைத் தாங்கிய கோப்பை அது. எனினும் எந்த அணி எந்த அணியோடு மோத வேண்டும், வென்ற அணி எங்கே செல்ல வேண்டும் என்று எந்த அமைச்சரும் அங்கே வந்து எழுதிக் கொடுப்பதில்லை. அது இயல்பானது என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் நாட்டளவில் கால்பந்தின் கதை வேறு. அங்கே வெற்றிப் பட்டத்தின் முறையையே மாற்றித் தருமாறு ஆட்டக்காரர்களின் சங்கங்கள் ஆட்சியாளரின் கதவைத் தட்டியிருக்கின்றன. அவ்வாறு தட்டுவது முறையா? தட்டினால் ஆட்சியாளர் திறக்கலாமா?

நம் மாநிலத்திலிருந்தே தொடங்குவோம். 2018-19 பருவத்தில் சென்னை சிட்டி என்னும் சங்கம் ஐ-லீக் பட்டத்தை வென்றது. பெயரில் சென்னை இருந்தாலும் அதன் ஆடுகளம் கோவை நேரு விளையாட்டரங்கம். கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் போன்ற பழம்பெரும் சங்கத்தை ஒரே ஒரு புள்ளியில் பின்தள்ளி, 2019 மார்ச்சில் பெற்ற வெற்றி அது. பிற நாடுகளாயிருந்தால் இத்தகைய அணி அடுத்த ஆண்டே மேல்படிக்கு ஏறியிருக்கும். இங்கே அன்று ஏற வழியிருக்கவில்லை. 2014-இல் தொடங்கிய ஐ.எஸ்.எல். போட்டி, கட்டணம் செலுத்தி இடம் பெற்ற சங்கங்களுக்கே உரியதாயிருந்தது. அன்று அதில் கடைசி இடம் பெற்றவர் கீழே இறங்கியதுமில்லை. கீழே முதலிடம் பெற்றவர் மேலே ஏறியதுமில்லை. பின்னர் கேரளத்தின் கோகுலம் அணி தொடர்ந்து இருமுறை ஐ-லீக்கை வென்றும் அதே நிலைதான். சென்னை சிட்டியோ சில ஆண்டுகளுக்குள் ஐ-லீக்கின் பட்டியலிலிருந்தே மறைந்துபோயிற்று.

2019 ஜூலையில் ஐ-லீக் சங்கங்கள் சில, தலையிடுமாறு வேண்டிப் பிரதமருக்கே மடல் வரைந்தன. இதைக் கேட்டுச் சிலர் நகைத்தனர். நாட்டில் வறுமையும் வேலையின்மையும் இருக்கையில், பந்தாட்டப் பட்டியலைச் சீர்செய்யவா பிரதமர்? நகைப்பில் நியாயம் உண்டு. ஆனால் முழு நியாயமில்லை. புனித தோமா அக்குவினார் தமது இறையியல் பெருநூலில் விளையாட்டைப் பற்றித் தனியே ஆய்கிறார். உழைத்த உடலுக்கு ஓய்வு வேண்டியதுபோல், உழைத்த உள்ளத்திற்கு ஆட்டமும் களிப்பும் வேண்டும் என்றும், அளவோடு விளையாடுவதில் ஒரு நற்பண்பு அடங்கியிருக்கிறது என்றும் அவர் கருதினார். நற்பண்பு தழைக்கும் இடத்தில் அநீதியும் நுழையக்கூடும். உழைத்து வென்றவனுக்கு உரிய படியை, பணம் கட்டியவன் அடைத்து நின்றால் அதை வெறும் விளையாட்டுச் சங்கதி என்று தள்ளிவிட இயலுமா?

எனின், அநீதி உள்ள இடமெல்லாம் அரசு நுழைய வேண்டுமா? இதற்குத் திருச்சபையின் சமூகப் போதனை ஓர் அளவுகோலைத் தருகிறது. திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் 1931-இல் வெளியிட்ட சுற்றுமடலில் விளக்கிய துணைநிலைக் கோட்பாடு அது. சிறிய அமைப்பு தானே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்ளலாகாது. சிறியது தடுமாறும்போது பெரியது கைகொடுக்க வேண்டும். குடும்பத்திற்கும் தொழிற்சங்கத்திற்கும் பொருந்துவது கால்பந்துச் சங்கத்திற்கும் பொருந்தும்.

நம் கடற்கரைக்கு இது புரியாத பாடமன்று. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் அரசு பார்களை ஆய்ந்தது, சிப்பி முதிர்ந்ததா என்று பார்த்தது, குளிப்புக்கு நாள் குறித்தது, காவல் படகு நிறுத்தியது. கடலுள் மூழ்கியவன் பரதவனும் கீழக்கரை மரைக்காயனுமேயன்றி அரசு அதிகாரி அல்லன். நாள் குறிக்க ஒருவர் இல்லாதிருந்தால் இளஞ்சிப்பி அனைத்தும் அழிந்திருக்கும். ஆனால் காவலுக்கு நின்ற அரசே பெரும் பங்குக்கும் நின்றது என்பதை மறப்பதற்கில்லை. காப்பவன் பங்காளியாகும் அந்தத் தருணம்தான் நாம் கூர்ந்து நோக்க வேண்டியது.

அமெரிக்காவில் நிகழ்ந்ததையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். அங்கே கல்லூரிகளுக்கிடையே கையில் பந்தை ஏந்தி ஓடும் ஒருவகைக் கால்பந்து பெரும் புகழ் பெற்றது. பல ஆண்டுகள் அதன் நாட்டளவிலான வெற்றியாளரை முடிவுசெய்ய, வாக்குகளாலும் கணினிக் கணக்காலும் இரு அணிகளை மட்டும் தெரிந்தெடுத்து மோதவிட்டனர். 2008 பருவத்தில் யூட்டா பல்கலைக்கழக அணி ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. ஆயினும் இறுதி ஆட்டத்திற்கு அழைக்கப்படவில்லை. அதே ஆண்டு அதிபராகத் தேர்வான பராக் ஒபாமா எட்டு அணிகள் மோதும் முறை வேண்டும் என்றார். 2009-இல் நாடாளுமன்றக் குழுக்கள் விசாரித்தன. முன்னின்று குரலெழுப்பிய ஆரின் ஹாட்ச் யூட்டா மாநிலத்தின் செனட்டர். தம் வாக்காளரின் மனக்குறையை அவர் சுமந்து வந்ததில் வியப்பில்லை. இறுதியில் சட்டம் ஏதும் இயற்றப்படவில்லை. 2012-இல் பல்கலைக்கழகத் தலைவர்களே முறையை மாற்ற இசைந்தனர். 2014 பருவத்திலிருந்து நான்கு அணிகளும், 2024-லிருந்து பன்னிரண்டு அணிகளும் மோதலாயின. ஆட்சி மன்றத்தார் மூடிய அறையில் விளக்கேற்றினர். அறையை ஒழுங்குசெய்தவர்கள் அதற்குரியவர்களே.

நம் நாட்டில் சிக்கல் இதனினும் ஆழமானது. இங்கே அரசியலார் வெளியே நின்று உள்ளே வரலாமா என்று கேட்பவரல்லர். அவர் ஏற்கெனவே தலைமை நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பை 1988 முதல் இருபது ஆண்டுகள் நடத்திய பிரிய ரஞ்சன் தாஸ்முன்ஷி மத்திய அமைச்சராயிருந்தவர். அவருக்குப்பின் வந்த பிரஃபுல் படேலும் அவ்வாறே. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் படேல் தலைமையிலான நிர்வாகத்தை விலக்கி ஒரு நிர்வாகக் குழுவை அமர்த்தியது. ஆகஸ்டில் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா, வெளியார் தலையீடு என்று குற்றஞ்சாட்டி இந்தியாவை இடைநீக்கம் செய்தது. பதினொரு நாளில் தடை நீங்கியது. செப்டம்பரில் நடந்த தேர்தலில் முன்னாள் இந்திய அணித் தலைவர் பாய்ச்சுங் பூட்டியா பெற்ற வாக்கு ஒன்று. வென்றவர் பெற்றவை முப்பத்து மூன்று. வென்ற கல்யாண் சௌபே முன்னாள் பந்துக்காவலர்தாம். பாரதிய ஜனதா கட்சிக்காரரும்கூட.

இங்கேதான் நமக்கு ஒரு முரண் தென்படுகிறது. நீதிமன்றம் வெளிப்படையாக, காரணம் எழுதி, தலையிட்டால் அது வெளியார் தலையீடு. கட்சித் தலைவர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் நாற்காலியில் இருந்தால் அது சங்கத்தின் தன்னுரிமை! நாமோ இதைத் தலைகீழாகப் பார்க்க விழைகிறோம். சட்டத்தின் வழியாக வரும் அரசைக் கேள்வி கேட்கலாம், அவையில் எதிர்க்கலாம், மேல்முறையீடு செய்யலாம். நாற்காலியின் வழியாக வரும் அரசியலாரை யார் கேட்பது? அவர் தருவது உரிமையன்று, சலுகை. சலுகையைப் பெற்றவன் நன்றியுடன் வாய் மூடிக்கொள்வான்.

ஆகவே முன்வாசல் வழியே வரும் தலையீட்டை நாம் ஏற்கலாம் என்றே கருதுகிறோம். 2025 செப்டம்பர் 19 அன்று உச்ச நீதிமன்றம், நீதியரசர் நாகேஸ்வர ராவ் வரைந்த கூட்டமைப்பின் புதிய சட்டதிட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. ஏற்றமும் இறக்கமும் அதில் விதியாக இடம்பெற்றன. ஆனால் அதே ஆண்டு முடிவதற்குள் ஐ.எஸ்.எல். போட்டியை நடத்தும் பழைய ஒப்பந்தம் முடிவுற்றது. புதிதாக நடத்த ஏலம் கேட்க எவரும் வரவில்லை. ஆட்டக்காரர்களுக்கு ஊதியம் கொடுப்பதைச் சங்கங்கள் சில நிறுத்தின. ஆட்டமே பிழைப்பாகக் கொண்ட ஏழை வீட்டுப் பிள்ளைகளின் அடுப்பு இதில் அணைந்தது. 2026 ஜனவரி 6 அன்று மத்திய விளையாட்டு அமைச்சர் மன்சுக் மாண்டவியா, பிப்ரவரி 14 அன்று பதினான்கு சங்கங்களோடு போட்டி தொடங்கும் என்று அறிவித்தார்.

அமைச்சர் கைகொடுத்தது சரியே. சிறியது விழுந்து கிடந்தது. என்றாலும் ஆட்ட நாளை அமைச்சரின் வாயால் கேட்பது ஒரு பழக்கமாகிவிடக் கூடாது என்றும் மனம் உறுத்துகிறது. தேசிய விளையாட்டு ஆளுமைச் சட்டம் 2025 ஆகஸ்டில் நிறைவேறியிருக்கிறது. விளையாட்டு அமைப்புகளுக்கு ஏற்பு வழங்கவும், வழங்கியதைத் திரும்பப் பெறவும் அதிகாரம் பெற்ற தேசிய வாரியம் அதன்படி அமைகிறது. அதன் உறுப்பினரை நியமிப்பது மத்திய அரசு. இது முன்வாசல்தான், அவையில் விவாதிக்கப்பட்ட சட்டந்தான். அந்த வாரியத்தின் இருக்கைகளில் பழைய நாற்காலிக்காரர்களே வந்து அமர்வார்களா, அன்றி ஆடிக் களைத்த கால்களுக்கும் அங்கே இடமிருக்குமா என்பதை நியமனப் பட்டியல் வெளிவரும்போது பெயர் பெயராகப் படித்துப் பார்க்க வேண்டும்.