பெரிய மசூதியில் மக்கன்லால்

தான் அங்கீகரியாத மார்க்கத்தின் ஆராதனை ஸ்தலத்துக்கு ஒருவன் மனப்பூர்வமாகத் தொண்டு செய்யக்கூடுமா, செய்தால் அது பக்தியா அல்லது வெறும் உத்தியோக தர்மமா என்ற கேள்வி எங்கள் போடிநாயக்கனூரில் அதிகம் எழுவதில்லை. போடிமெட்டுக்கு மேலே ஒரு ஹிந்துவின் தோட்டத்தில் விளைந்த ஏலக்காய் ஏலத்தில் ஒரு ராவுத்தரின் கைக்கு மாறும்போது, காயின் பச்சையையும் பருமனையும் பார்ப்பார்களேயன்றி, வளர்த்தவனின் குலத்தையும் கோத்திரத்தையும் எவரும் விசாரிப்பதில்லை. ஆயினும் இந்த உதாசீனத்தைச் சமய சமரசம் என்று நாம் மெச்சிக்கொள்வது மிகை. லாபத்தை உத்தேசித்து விலகி நிற்கும் துவேஷம், லாபம் போனவுடன் திரும்பி வந்துவிடும்.

மெய்யான சமரசத்துக்குச் சாட்சி சென்னைத் திருவல்லிக்கேணியில் இருக்கிறது. பார்த்தசாரதிப் பெருமாள் கோயிலிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் குடும்பத்தார் 1795இல் எழுப்பிய மசூதி, மரமும் இரும்பும் சேராமல் சாம்பல் நிறக் கருங்கல்லாலேயே கட்டப்பட்டது. அவ்வட்டாரத்தார் அதைப் பெரிய மசூதி என்பார்கள். தொழுவோர் அனைவரும் முகம் நோக்கி நிற்கும் மிஹ்ராபின் மேலே கல்லில் பொறித்திருக்கும் பாரசீகக் கவியை இயற்றியவர் நவாபின் சபையைச் சேர்ந்த ராஜா மக்கன்லால் கிரத் என்னும் ஹிந்து. அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. ஆண்டைக் குறிக்க அவர் தேர்ந்த சொற்களின் எழுத்துகளைக் கூட்டினால் ஹிஜ்ரி 1209 வரும், அதாவது மசூதி எழுந்த ஆண்டு. இது வெறும் கணித சாமர்த்தியம் அன்று. இறைவனை நினைத்தலின் உயர்வைக் கூறும் அச்சொற்கள் குர்ஆனிலேயே உள்ளவை. பிறருடைய வேதத்தைத் தோய்ந்து பயின்றவனுக்கல்லாமல், அதற்குள் ஓர் ஆண்டு ஒளிந்திருப்பது புலப்படுமா?

எல்லா மதமும் ஒன்றே என்று மேடையில் முழங்குகிறவர்களில் எத்தனை பேர் அயலானின் நூலில் பத்துப் பக்கம் படித்திருப்பார்களோ, நான் அறியேன். மக்கன்லால் அப்படி எதையும் பிரகடனம் செய்யவில்லை. வேற்றுமையை வேற்றுமையாகவே வைத்துக்கொண்டு கற்றார், கற்றதைக் கொடுத்தார். எட்டயபுரத்துக் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் பயின்ற உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடியதும் இந்த வகைச் சமரசமே. ஆகவே, தொண்டுக்கு நம்பிக்கை இன்றியமையாதது என்று எனக்குத் தோன்றவில்லை, சிரத்தையே இன்றியமையாதது. கொடுத்தவரைக் காட்டிலும், அதைத் தங்கள் தொழுகையின் திசையிலேயே பதித்துக்கொண்டவர்களின் நெஞ்சத்தை நான் ஒரு படி மேலாக மதிக்கிறேன். கொடுப்பதில் புகழ் உண்டு, ஏற்பதில் அபவாதத்துக்கே இடமுண்டு.

அந்த உறவு பழங்கதையாகிவிடவும் இல்லை. சிந்துவிலிருந்து அகதியாக வந்த ஹிந்து ஒருவர் மயிலாப்பூரில் நிறுவிய சூஃபிதார் அமைப்பினர், ரமலான் மாதத்தில் அம்மசூதியில் நோன்பு திறப்போருக்குப் பல்லாண்டுகளாக உணவு பரிமாறி வருகிறார்கள்.

2023 ஜூன் முதல் போடிக்கும் சென்னைக்கும் நேராகவே ரயில் ஓடுகிறது. அதிலேறிச் செல்லும் நம்மூர் அன்பர்கள், தொழுகை வேளை கழிந்தபின், பொறுப்பாளரிடம் அனுமதி கேட்டு அக்கவியை ஒருமுறை தரிசித்து வாருங்கள்.