காரணம் கேட்காத மனு

ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னை கோயிலுக்கு வருகிறவர்கள் கையில் மெழுகுவர்த்தி இருக்கும், நெஞ்சில் ஒரு கஷ்டம் இருக்கும். மாதாவிடம் முதலில் கஷ்டத்தைச் சொல்வோம், அழுவோம், அதற்குப் பிறகுதான் வேண்டியதைக் கேட்போம். அருளை அப்படித்தான் கேட்கவேண்டும். ஓய்வுபெற்ற தமிழாசிரியனான நான் ஊராருக்கு மனு எழுதிக் கொடுக்கத் தொடங்கியபோது ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. அரசாங்கத்திடம் இருக்கும் விவரத்தையும் இப்படி அழுதுதான் கேட்கவேண்டுமா?

பக்கத்துத் தெருப் பெரியம்மா ஒருவர் உதவித்தொகைக்கு எழுதிப்போட்டு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. எப்போது போய் நின்றாலும் "மேல அனுப்பியிருக்கு" என்ற ஒரே பதில். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுவிடுவோம் என்று வெள்ளைத்தாளில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பை ஒட்டினேன்.

"நான் புருசன் இல்லாதவ, கண்ணு சரியாத் தெரியாதவன்னு ஆரம்பிங்க வாத்தியாரய்யா" என்றார்.

"அது வேண்டாம் பெரியம்மா. எதுக்குக் கேக்கறோம்னு சொல்லத் தேவையில்லன்னு சட்டத்துலயே இருக்கு."

அவருக்கு மனசு ஒப்பவில்லை. "கஷ்டத்தச் சொல்லாம எப்படிக் கேக்கறது? திமிருன்னு நெனைக்க மாட்டாங்களா?"

2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6(2) பிரிவைத்தான் நான் சொன்னேன். அதைப் பலமுறை படித்தவன். ஆனால் அதன் ஆழம் அன்றைக்கு அந்த அம்மாள் கேட்டபோதுதான் எனக்குப் பிடிபட்டது. கொடுப்பவனுக்கு நம் கண்ணீரைக் காட்டவேண்டும். வைத்திருப்பவனிடம் நம் பொருளைக் கேட்க எதற்குக் கண்ணீர்? லூக்கா நற்செய்தியில் எசமான் தன் கண்காணிப்பாளனிடம் கணக்குக் கேட்கிறார். அதற்காக அவனிடம் அவர் அழவோ கெஞ்சவோ இல்லை.

இந்த ஊரில் வாழ்ந்து இந்தக் கோயிலை எழுப்பிய வீரமாமுனிவரை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. அவருக்கு முன் தமிழ்ச் சொல்லுக்குத் தமிழில் பொருள் தெரியவேண்டுமென்றால் பெரும்பாலும் நிகண்டுதான். அது செய்யுளாக இருக்கும். ஆசிரியரிடம் பாடம் கேட்டு நெட்டுரு போட்டவனுக்கே வசப்படும். 1732இல் அவர் சதுரகராதியைத் தொகுத்தபோது சொற்களை அகர வரிசையில் நிறுத்தினார். அதற்குப் பிறகு எழுத்துக் கூட்டத் தெரிந்த யாரும் தானே புரட்டித் தேடிக்கொள்ளலாம், யார் தயவும் வேண்டாம். எழுத்துச் சீர்திருத்தமும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. குறிலைக் காட்டும் புள்ளியை ஓலையில் குத்தினால் கிழியும் என்று பலர் விட்டுவிடுவார்கள். எகரமா ஏகாரமா என்பதை வாசிப்பவர் ஊகிக்கவேண்டியிருந்தது. அந்த ஊகத்தை ஒழிக்க நெட்டெழுத்துக்குத் தனி உருவம் வந்தது. எங்கள் ஊர்ப் பெயரின் முதல் எழுத்தே அதற்குச் சாட்சி.

தகவல் உரிமைச் சட்டத்தின் 4(1)(அ) பிரிவைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சதுரகராதிதான் நினைவுக்கு வரும். அலுவலகம் தன் ஆவணங்களை வரிசைப்படுத்தி, அட்டவணையிட்டு, எளிதில் எடுக்கும்படி வைத்திருக்கவேண்டும் என்கிறது அது. யாரும் கேட்பதற்கு முன்பே தானாக வெளியிடவேண்டியவற்றையும் அடுத்த உட்பிரிவு அடுக்குகிறது. கோப்பு எங்கே கிடக்கிறது என்பது ஒரே ஒருவருக்குத்தான் தெரியுமென்றால் நாம் இன்னும் நிகண்டுக் காலத்தில்தான் இருக்கிறோம்.

இரகசியமே கூடாதா என்று ஒரு நண்பர் கேட்டார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் உயிர் போனாலும் வெளியே சொல்லமாட்டார். அதே கோயிலில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள், தடை தெரிந்தவர் சொல்லட்டும் என்று. இரண்டும் ஒரே திருச்சபையின் வழக்கம்தான். ஒருவனுடைய மனசாட்சி அவனுக்கும் ஆண்டவருக்கும் உள்ளது. பலரைத் தொடும் காரியத்தைப் பலர் அறியவேண்டும். இந்தக் கோடு அழியக்கூடாது என்பதுதான் என் கவலை. தனிநபர் தகவலைப் பொதுநலன் கருதி வெளியிட 8(1)(ஒ) பிரிவுக்குள்ளேயே முன்பு வாசல் இருந்தது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வாசகத்தை நீக்க வழி செய்தது. பொதுநலன் மேலோங்கினால் தகவலைத் தரலாம் என்னும் 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் பாவசங்கீர்த்தனத் திரையைக் கொண்டுவந்து கணக்குப் புத்தகத்தின் மேல் போர்த்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

முப்பது நாள் கெடு. இருபத்தேழாம் நாள் பெரியம்மாவுக்குத் தபால் வந்தது. விசாரணைக்குச் சென்றபோது மனுதாரர் வீட்டில் இல்லை, ஆகவே மனு நிராகரிக்கப்பட்டது என்று ஒரே வரி, அதோடு ஒரு தேதி. நிராகரித்து ஒரு வருஷத்துக்கும் மேலாகியிருந்தது. தேதியை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். விரல்விட்டு எண்ணினார்.

"அன்னைக்கு நடவுக்குப் போயிருந்தேன்யா" என்றார்.

அழவில்லை. புது மனு எழுதச் சொன்னார். இந்த முறை புருசனைப் பற்றியோ கண்ணைப் பற்றியோ அவர் பேச்சே எடுக்கவில்லை. எழுதி முடித்து வாசித்துக் காட்டியதும் கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். விசாரணைக்கு வரும் நாளை முன்கூட்டியே தெரிவிக்கவேண்டும் என்பது அந்த வரி. அதற்குக் கீழே கைநாட்டு வைத்தார்.