பேரமும் வாய்மையும்

வாய்மையைப் பற்றிச் சிந்திக்கும்போது நாம் பெரும்பாலும் பெரிய சோதனைகளையே நினைக்கிறோம். அரிச்சந்திரன் நாட்டை இழந்தான், மனைவியையும் மகனையும் பிரிந்தான், சுடுகாட்டைக் காத்தான். அத்தகைய சோதனை நம்மில் பெரும்பாலோருக்கு வருவதில்லை. இல்லறத்தாருக்கு வரும் சோதனைகள் சிறியவை. அவை அலுவலகத்திலும் சமையலறையிலும் கடைத்தெருவிலும் ஓசையின்றி வந்து போகின்றன. அவற்றுள் ஒன்று, பொருள் வாங்கும்போது விலை பேசுவது.

"ஆன்மிக வாழ்வை நாடுபவன் பேரம் பேசலாமா? கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வருவதுதானே பெருந்தன்மை? பேரம் பேசத் தொடங்கினால் பொய்யும் கூடவே வந்துவிடுகிறதே?" என்று அன்பர்கள் சிலர் கேட்பதுண்டு. கீரை வாங்கும்போது இக்கேள்வி பெரிதாகத் தோன்றாது. ஆனால் நடுத்தரக் குடும்பம் ஒன்று கார் வாங்கும்போது, பல ஆண்டுச் சேமிப்பும் இனி வரப்போகும் பல ஆண்டுத் தவணைகளும் ஒரே கையெழுத்தில் அடங்கிவிடுகின்றன. சொந்த வீட்டுக்கு அடுத்தபடியாக அக்குடும்பம் வாங்கும் பெரும்பொருள் பெரும்பாலும் அதுவே. ஆகவே அதையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கேள்வியை ஆராய்வோம்.

பக்தன் ஏமாளியாக இருக்க வேண்டுமா?

ஸ்ரீராமகிருஷ்ணரின் நேரடிச் சீடர்களுள் ஒருவர் யோகின். பின்னாளில் சுவாமி யோகானந்தர் என்று அறியப்பட்டவர். மிகவும் மென்மையான இயல்பு கொண்டவர். ஒருமுறை இரும்பு வாணலி ஒன்று வாங்கக் கடைக்குச் சென்றார். கடைக்காரர் அறத்துக்கு அஞ்சி நல்ல பொருளையே தருவார் என்று நம்பிய அவர், அதைச் சோதித்துப் பாராமலே வாங்கி வந்துவிட்டார். பிறகு பார்த்தால் வாணலியில் விரிசல் இருந்தது. செய்தியறிந்த குருதேவர் அவரைக் கடிந்துகொண்டார். பக்தனாக இருப்பதற்காக அறிவிலியாக இருக்க வேண்டியதில்லை. நாலு கடையில் விலை விசாரிக்க வேண்டும். பொருளை நன்றாகப் பார்த்து வாங்க வேண்டும். கொசுறு தரும் வழக்கம் இருந்தால் அதையும் விடாமல் பெற்றுவர வேண்டும் என்பதே அவர் கூறிய அறிவுரையின் சாரம்.

இதைக் கூறியவர் யார் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. நாணயத்தைத் தொட்டாலே கை கோணிக்கொள்ளும் அளவுக்குப் பொருளாசையைத் துறந்தவர் அவர். அத்தகையவர் கொசுறைக்கூட விட்டுவிடாதே என்றார் என்றால், அது காசின் மீது கொண்ட பற்றினால் அன்று. விழிப்பும் சாதனையின் ஓர் அங்கம் என்பதால்தான். கடையில் கவனமின்றி இருக்கும் மனம் ஜபத்தில் அமரும்போது மட்டும் திடீரென ஒருமுகப்பட்டுவிடுவதில்லை.

இன்னொன்றையும் நாம் நேர்மையாக எண்ணிப் பார்க்க வேண்டும். குளிரூட்டப்பட்ட ஷோரூமில் பணிவோடு வரவேற்று, குளிர்பானம் கொடுத்து, "சார்" என்றழைக்கும்போது, விலையைப் பற்றிக் கேட்க நமக்குக் கூச்சமாக இருக்கிறது. 'அற்பமாக நினைப்பார்களோ' என்ற எண்ணத்தில் கேட்ட தொகைக்குத் தலையாட்டிவிட்டு, பணத்தில் நமக்குப் பற்றில்லை என்று பிறகு சமாதானம் செய்துகொள்கிறோம். இது வைராக்கியம் அன்று. அந்தப் பணத்தை நாம் துறக்கவில்லை; நம் கௌரவத்துக்குக் கூலியாகக் கொடுத்தோம். அதே நாளில் தெருவோரத்தில் கீரை விற்கும் மூதாட்டியிடம் இரண்டு ரூபாய்க்காக வாதாடினோமானால், நம் தாராள குணம் எத்தகையது என்பது நமக்கே விளங்கிவிடும். மேலும் அது நம் பணம் மட்டுமன்று. குழந்தைகளின் கல்விக்கும் பெற்றோரின் மருந்துக்கும் உரிய பணமும் அதில் இருக்கிறது. இல்லறத்தார் குடும்பப் பொருளுக்கு அறங்காவலரேயன்றி உரிமையாளர் அல்லர்.

விலையின் உள்ளே இருப்பவை

நியாய விலையைக் கேட்க வேண்டுமானால் விலை எதனால் ஆனது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். காரின் 'எக்ஸ்-ஷோரூம்' விலையில் உற்பத்தியாளரின் விலையும் டீலரின் லாபமும் ஜி.எஸ்.டி. வரியும் அடங்கும். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தபோது அவற்றின் விலையும் குறைந்தது இதனால்தான். 'ஆன்-ரோடு' விலையில் மாநிலத்தின் சாலை வரியும் பதிவுக் கட்டணமும் காப்பீடும் சேர்கின்றன. வரியையும் பதிவுக் கட்டணத்தையும் டீலர் குறைக்க இயலாது. அவற்றைக் குறைக்கச் சொல்லி வாதாடுவது வீண்.

பேச வேண்டிய இடங்கள் வேறு. தள்ளுபடி ஒன்று. காப்பீடு மற்றொன்று: மூன்றாம் நபர் காப்பீட்டின் கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது, புதிய கார்களுக்கு அதை மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்து எடுக்கும் முறை 2018 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் நம் காருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீட்டுக் கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். அதை டீலரிடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒன்றை வாங்க வேண்டுமானால் மற்றொன்றையும் வாங்கியே தீர வேண்டும் என்று நிபந்தனை விதிப்பதை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறையாகக் குறிப்பிடுகிறது. 'கையாளும் கட்டணம்' போன்ற தலைப்புகளில் ஒரு தொகை சேர்க்கப்பட்டிருந்தால், அது எந்தச் சேவைக்கு என்று கேட்பது நம் உரிமை. கார் எந்த மாதம், எந்த ஆண்டு தயாரானது என்பதையும் கேட்க வேண்டும். டிசம்பரில் தயாரானதை ஜனவரியில் வாங்கினால், மறுவிற்பனையின்போது அது ஓராண்டு பழையதாகவே கணக்கிடப்படும். அதற்கேற்ற குறைப்பைக் கேட்பதில் தவறில்லை.

விலை பேசுவதைச் சட்டமும் இழிவாகக் கருதவில்லை. தன் டீலர்கள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் தள்ளுபடி தராதபடி தடுத்தது என்ற காரணத்துக்காக, 2021 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் பெரிய கார் நிறுவனம் ஒன்றுக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அந்நிறுவனம் மேல்முறையீடு செய்தது என்பது வேறு செய்தி. விற்பவரும் வாங்குபவரும் சுதந்திரமாகப் பேசி விலை காண்பது சந்தையின் இயல்பு என்பதே அதன் அடிப்படை.

எல்லை எங்கே?

அப்படியானால் பேரம் எங்கே அறம் தவறுகிறது? விலையைப் பேசும்போது அன்று. விலைக்காக உண்மையைக் கொடுக்கும்போதுதான்.

"பக்கத்து ஷோரூமில் இருபதாயிரம் குறைவாகத் தருகிறார்கள்" என்று ஒருவர் சொல்கிறார். அங்கே அவர் போகவே இல்லை. இது பொய். "என்னால் இதற்கு மேல் ஒரு ரூபாயும் தர முடியாது" என்கிறார். முடியும் என்பது அவருக்கே தெரியும். இதுவும் பொய். ஆனால் நாம் எவ்வளவு வரை தரத் தயார் என்பதை வெளியிட்டாக வேண்டும் என்ற கடமை நமக்கு இல்லை. "நான் இந்த விலைக்கு வாங்க விரும்புகிறேன், உங்களால் முடியுமா என்று பாருங்கள்" என்பது முழு உண்மை. மௌனம் வேறு, பொய் வேறு. உண்மையாகவே இரண்டு மூன்று டீலர்களிடம் சென்று விலையை எழுத்தில் வாங்கிவந்தால், "அங்கே இவ்வளவு" என்பதும் உண்மையாகிவிடும். நாம் சொல்லும் பொய்களில் பல, செய்ய வேண்டிய வேலையைச் செய்யாத சோம்பலிலிருந்தே பிறக்கின்றன.

குருதேவர் கூறிய பாம்பின் கதையை அன்பர்கள் அறிவர். துறவியின் உபதேசத்தால் கடிப்பதை விட்ட பாம்பைச் சிறுவர்கள் கல்லால் அடித்துக் குற்றுயிராக்கினார்கள். கடிக்காதே என்றுதான் சொன்னேன், சீறாதே என்று சொல்லவில்லையே என்றார் துறவி. "இந்த விலை எனக்கு ஏற்புடையதன்று" என்று சொல்லி எழுந்து வருவது சீறுவது. அதில் விஷம் இல்லை. பொய்யும் மிரட்டலும் விஷம்.

இருவரும் மனமொப்பினால் மட்டும் ஒரு விலை நியாயமாகிவிடுமா? அதுவும் இல்லை. சாலை வரியை மிச்சப்படுத்த, வரி குறைவான வேறு மாநிலத்தில் பொய் முகவரி காட்டி வண்டியைப் பதிவு செய்யச் சிலர் முனைகிறார்கள். அதில் வாங்குபவருக்கும் மகிழ்ச்சி, உதவியவருக்கும் மகிழ்ச்சி. இழப்பு, அங்கே இல்லாத பொதுமக்களுக்கு. எனவே நியாய விலை என்பது ஒரு குறிப்பிட்ட எண் அன்று. அறிய வேண்டியதை இரு தரப்பும் அறிந்து, அச்சமும் வஞ்சனையும் இன்றி, மூன்றாமவருக்குத் தீங்கு நேராமல் ஒப்புக்கொள்ளும் விலையே நியாய விலை.

நாமே விற்பவராகும்போது

இந்த இலக்கணத்தை நம்மீதே சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு அதே ஷோரூமில் கிடைக்கிறது. புதிய காரை வாங்க வருபவர் பலர் பழைய காரை மாற்றுக்குக் கொடுக்கிறார்கள். ஒரே நாற்காலியில் ஒரே மணி நேரத்தில் அவர் வாங்குபவராகவும் விற்பவராகவும் ஆகிறார்.

புதிய காரைப் பற்றி அவர் எதையும் விடாமல் கேட்டார்; தயாரான மாதம் முதல் கட்டண விவரம் வரை எல்லாம் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்றார். சரி. பழைய கார் மழை வெள்ளத்தில் நின்றதைச் சொன்னாரா? மோதிப் பழுது பார்த்ததைச் சொன்னாரா? "அவர்கள் கேட்கவில்லை, சோதித்துப் பார்ப்பது அவர்கள் வேலை" என்று அவர் மனம் சொல்லும். ஆனால் புதிய காரில் ஒரு குறையை டீலர் இதே காரணம் கூறி மறைத்திருந்தால் அவர் ஏற்பாரா? முன்பு, நம் உச்ச வரம்பைச் சொல்ல வேண்டியதில்லை என்றோம். அது நம் மனத்தில் உள்ள செய்தி. வெள்ளம் புகுந்ததோ பொருளில் உள்ள செய்தி. பொருளோடு சேர்த்தே அது கைமாற வேண்டும். அந்த வண்டியின் பிரேக்கை நம்பி நாளை வேறொரு குடும்பம் பயணம் செய்யப் போகிறது. உண்மையைச் சொன்னால் சில ஆயிரங்கள் குறையலாம். வாய்மைக்கு நாம் தரும் விலை அது. அந்த விலையில் மட்டும் பேரம் கிடையாது.

மேசைக்கு எதிரே இருப்பவர்

விற்பனையாளரைப் பற்றியும் எண்ண வேண்டும். எதிரே அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் இளைஞர். மாதம் இத்தனை வண்டி என்ற இலக்கு அவருக்கு உண்டு. விற்பனைக்குப் பிறகு நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளரின் கருத்தைக் கேட்பார்கள். அதில் மதிப்பெண் குறைந்தால் அவருடைய ஊக்கத்தொகை பாதிக்கப்படுவதும் உண்டு. இதைத் தெரிந்துகொண்டு, "தரை விரிப்பை இலவசமாகத் தராவிட்டால் குறைந்த மதிப்பெண் போடுவேன்" என்று சிலர் சொல்கிறார்கள். இதைப் பேரம் என்று எப்படிச் சொல்வது? ஒரு மனிதரின் பிழைப்பைப் பிடித்து முறுக்குவது அது. மாத இறுதியில் நிறுவனம் தரும் தள்ளுபடியைக் கேட்டுப் பெறலாம். ஒருவரது தவிப்பை அளந்து அதற்கு விலை வைப்பது தகாது. விலை படியாவிட்டாலும் நன்றி கூறி எழுந்துவரலாம். அவர் பொழுதையும் நமக்காகச் செலவிட்டிருக்கிறார்.

துலாதாரரின் தராசு

மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் ஜாஜலி என்ற தவசி வருகிறார். அவருடைய சடைமுடியில் பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் அளவுக்கு அசையாது நின்றவர். தமக்கு நிகரில்லை என்று அவர் எண்ணியபோது, காசியில் வணிகம் செய்யும் துலாதாரருக்கு அவர் ஈடாக மாட்டார் என்று ஒரு குரல் எழுந்தது. காட்டை விட்டுக் கடைக்கு வந்த தவசிக்கு அந்த வணிகர் தர்மத்தை உபதேசித்தார். தம் தராசு எல்லா உயிர்களுக்கும் ஒரே சமமாக நிற்கிறது என்பதே அவர் கண்ட நெறி. அவர் கடையை மூடிவிட்டுத் தவம் செய்யவில்லை. தராசைப் பிடித்த கையாலேயே தவம் செய்தார்.

அந்தத் தராசு வணிகரிடம் மட்டும் இருக்க வேண்டியதன்று. வாங்குபவரிடமும் இருக்க வேண்டும். கார் வாங்கச் செல்லும் அன்பர் அன்று காலை இறைவன் முன் சிறிது நேரம் அமர்ந்து மூன்றை உறுதி செய்துகொள்ளட்டும்: அறியாமல் எதற்கும் கையெழுத்திட மாட்டேன், பொய்யொன்றும் சொல்ல மாட்டேன், எதிரே இருப்பவரை மனிதராகவே நடத்துவேன். அவ்வாறு பேசி வாங்கிய விலை அண்டை வீட்டார் கொடுத்ததைவிடச் சற்று அதிகமாகவே இருந்தாலும், அன்றிரவு விளக்கேற்றி வணங்கும்போது மனத்தில் நெருடல் ஏதும் இருக்காது.