படித்தவன் கை

2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று புகுந்ததால் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றதென அமைச்சரே கூறினார். கல்கிசையில் விசிறி நின்ற வீட்டிலிருந்து நாமும் சிரித்தோம். 2015 டிசெம்பரில் உக்ரெயினில் நடந்ததற்குச் சிரிக்க இயலாது. கணினிவழி புகுந்தோர் சுற்றுடைப்பான்களைத் திறந்துவிட்டனர். இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மின்பாவனையாளர் இருளில் மூழ்கினர். அது படித்தவர் கை.

ஆகவே, அருகே மொறட்டுவையில் மின்பொறியியல் பயிலும் மாணவன் இணையப் பாதுகாப்பையும் பயிலவேண்டும் என்கிறோம். கணினி மட்டும் அறிந்தவனுக்குச் சுற்றுடைப்பான் வெறும் பெயரே. எனினும், பூட்டைக் காக்கக் கற்பவன் அதை உடைக்கவும் கற்கிறான். அவ்வித்தை யாருக்குக் கடமைப்பட்டது? சம்பளம் தருபவனுக்கு மட்டுமா? தோட்டத் தொழிலாளியின் வியர்வையும் கலந்ததன்றோ நம் இலவசக் கல்வி! நாளை மின்நிலையத்தில் ஓர் ஓட்டையைக் கண்டு, மேலதிகாரி “மூடி மறை” என்றால்? ஊரறியச் சொன்னால் திருடனும் அறிவான். மறைத்தாலோ, மருத்துவமனையில் சுவாசக் கருவியோடு கிடப்பவன் அறியாமலே சாவான். இக்கேள்வியை வகுப்பறையிலேயே அம்மாணவன் முன் வைப்போமா?